ஊர் எப்போது நமதாகிறது?



தமிழர் கூடும் விழா எதுவாயினும், கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் ஒருமுறையேனும் ஒலியாமல் அது நிறைவெய்துவதில்லை. எமது பள்ளிச் சிறார்களும் அதனை மனனஞ் செய்து ஒப்புவிக்கிறார்கள். நாமும் கைதட்டி மகிழ்கிறோம். அதனைப் பாடியவரின் பெயரை மட்டும் நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. உலகத்தோர் அனைவரையும் உறவாகக் கண்ட அப்பெரும்புலவர், பூங்குன்றம் என்னும் ஓர் ஊரின் பெயராலேயே இன்றுவரை அறியப்படுகிறார். ஓர் ஊருக்கு உரியவராக வாழ்ந்து அறிந்தவருக்கே எல்லா ஊரையும் உரிமையோடு நோக்கும் உள்ளம் வாய்த்தது போலும் என்று நான் எண்ணுவதுண்டு.

இந்த மலரில் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. ஓர் ஊர் எப்போது நமதாகிறது? அதில் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய பங்கு என்ன?

கேரம் டவுன்சிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் நம்மவரிடம் "ஊர் எது?" என்று கேட்டால், உரும்பிராய் என்பார்கள், நெடுந்தீவு என்பார்கள், மூதூர், மட்டுவில், திருச்சி, மதுரை என்பார்கள். இருபது ஆண்டுகளாக இங்கே வீடு வைத்து வாழ்பவரும் கேரம் டவுன்ஸ் என்று சொல்வதில்லை. "அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்" என்றால், அது கடல் கடந்த ஊரையே குறிக்கும். இதில் தவறொன்றும் இல்லை. பிறந்த மண்ணின் நினைவு எளிதில் அகல்வதன்று. ஆயினும் இங்கேயே பிறந்து, இங்கேயே நடை பயின்ற நம் பிள்ளைகள் எந்த ஊரைச் சொல்வார்கள்? பெற்றோரின் ஊர் அவர்களுக்குக் கேட்டறிந்த கதை. பிறந்த ஊரோ பெற்றோர் சொந்தம் பாராட்டாத ஊர். இரண்டுக்கும் நடுவே ஊரற்றவர்களாக அப்பிள்ளைகளை நாம் விட்டுவிடலாகாது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். பிறப்பினாலோ, வீடு வாங்குவதாலோ, குடியுரிமைப் பத்திரத்தாலோ மட்டும் ஓர் ஊர் நமதாகிவிடுவதில்லை. அவ்வூரின் பிள்ளைகளுக்காக நாம் ஒரு பொறுப்பை ஏற்று, அவ்வூரார் அப்பொறுப்பை நம்பி நம்மிடம் ஒப்படைக்கும்போதே அது நமதாகிறது. இதனை எனக்குக் கற்றுத் தந்தது ஆசிரியத் தொழிலே.

ஆசிரியர் பெயரோடு இணைந்த ஊர்

சங்கப் புலவர் நக்கீரரை நம் நூல்கள் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று குறிக்கின்றன. கணக்காயர் என்றால் எழுத்தும் நூலும் கற்பிக்கும் ஆசிரியர். தந்தையாரின் பெயராக நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது ஊரும் தொழிலும் மட்டுமே. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என்று மற்றொரு புலவர் பெயர் நற்றிணையில் காணப்படுகிறது. இளம் பாலர்க்குக் கற்பித்த ஆசிரியர் அவர் என்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரேயே தமிழர் தம் ஆசிரியரை ஊரோடு சேர்த்தே அழைத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கம் அண்மைக்காலம் வரை யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களிலும் நிலவியது. சட்டம்பியார் என்றும், வாத்தியார் என்றும், பிற்காலத்தில் சேர் என்றும் அழைக்கப்பட்டவர், வகுப்பறையோடு பணி முடித்தவரல்லர். கொழும்பிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்களை வாசித்துச் சொன்னவர் அவர். கச்சேரிக்கு மனு எழுதியவர் அவர். காணி உறுதியின் கடுந்தமிழைப் பிரித்து விளக்கியவர் அவர். இரு வீட்டாரிடையே பிணக்கு வந்தால் நடுவே நின்று பேசியவரும் அவரே. அவர் பிறந்தது வேறோர் ஊராக இருக்கலாம். அதனை நினைவில் வைத்திருந்தவர் சிலரே. கற்பித்த ஊரே அவருடைய ஊராயிற்று.

சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையை நோக்குங்கள். 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்தவர்; மானிப்பாயில் அதிபராக இருந்தவர்; சென்னையில் துறவு பூண்டவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர். இத்தனை ஊர்களில் வாழ்ந்த அப்பெரியாரின் பூதவுடல் 1947ஆம் ஆண்டு, மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில், அவர் அமைத்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றது. பேராசிரியர் பதவி அவருக்குப் பெருமை தந்தது. பள்ளி வளவோ அவருக்கு இடம் தந்தது.

இடாப்பு இருந்த இடமே பள்ளி

"அவர்களுக்கெல்லாம் சொந்த நிலத்தில் சொந்தக் கட்டடங்கள் இருந்தன, நமக்கு என்ன இருக்கிறது?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். கட்டடம் இருந்தால்தான் பள்ளி என்றால், எமது தாயகத்துப் பள்ளிகள் பலவற்றை இருபதாண்டுக் காலத்துக்குப் பள்ளிகளே அல்ல என்று தள்ளிவிட வேண்டியிருக்கும்.

காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990ஆம் ஆண்டு போரினால் தன் நிலத்தை விட்டு இடம்பெயர்ந்தது. அதன் நிலம் மீண்டும் கல்லூரியின் கைக்கு வந்தது 2016ஆம் ஆண்டில். இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளும் அக்கல்லூரி வேறிடத்தில் அதே பெயரோடு இயங்கியது. அக்காலத்தில் அங்கே சேர்ந்து கற்று வெளியேறிய பிள்ளைகளில் பலர், தம் கல்லூரி நின்ற மண்ணைக் கண்ணாலும் காணாதவர்கள். ஆயினும் தாம் நடேஸ்வராவின் மாணவர் என்றே அவர்கள் கூறிக்கொண்டனர். வலிகாமம் வடக்கின் வேறு பல பள்ளிகளுக்கும் இதே கதைதான். காலையில் ஒரு பள்ளி, மாலையில் மற்றொரு பள்ளி என ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் இயங்கிய காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தபோது, மாணவனாக இருந்த நானும் தென்மராட்சியில் அத்தகைய மாலை நேரப் பள்ளி ஒன்றில் அமர்ந்தேன். வாங்கு பிறருடையது, கரும்பலகை பிறருடையது, இடாப்பு மட்டும் எங்களுடையது. ஆசிரியர் அதனை விரித்து எங்கள் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் அந்த அந்நியக் கட்டடம் எங்கள் பள்ளியாக மாறியது.

பின்னாளில் கிளிநொச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியனாகப் பணியேற்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் என்பதால் முதலாண்டு முழுவதும் நான் அங்கே வெளியூர் வாத்தியார்தான். மரியாதைக்குக் குறைவில்லை, ஆயினும் உரிமையோடு ஒரு சொல் பேசுவாரும் இல்லை. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறையும். இடாப்பில் வராதோர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் குறிப்பதோடு நில்லாமல், மாலை வேளைகளில் சைக்கிளில் அவ்வீடுகளுக்குச் செல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். கண்டிப்பதற்காகச் சென்றதில்லை. அன்று நடந்த பாடத்தைச் சொல்லிவிட்டு, வயலின் நிலையை விசாரித்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த போகத்தில் புதுநெல் குற்றிய அரிசியில் ஒரு பை என் அறை வாயிலுக்கு வந்தது. கொண்டுவந்த முதியவர் சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கட வாத்தியாருக்குக் குடுக்காமல் நாங்கள் வாய் வைக்கிறேல்ல." எங்கட என்ற அந்தச் சொல்லுக்கு நிகரான நியமனக் கடிதம் எதுவும் பிற்காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது அவ்வூர் மக்களில் எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுள் இருந்தோம். அங்கும் பள்ளி நடந்தது. ஆசிரியரும் அகதி, மாணவரும் அகதி. பழைய இடாப்பு போரோடு போயிற்று. சக ஆசிரியர் இருவரும் நானும் அமர்ந்து நினைவிலிருந்து பெயர்களை எழுதினோம். சில பெயர்களை எழுதும்போது கை நின்றது. அவற்றை எழுதாமல் விடவும் எங்களால் இயலவில்லை. எழுதிவிட்டு எதிரே வெற்றிடமாக விட்டோம். ஓர் ஆசிரியனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அந்த வெற்றிடங்கள் எனக்கு உணர்த்தின. நிலம் கைவிட்டுப் போகலாம். பெயர்களின் பொறுப்பு போவதில்லை.

கடன் பெற்ற வகுப்பறை

2012ஆம் ஆண்டின் இறுதியில் கடல்வழியாக இந்நாட்டை வந்தடைந்தோரில் நானும் ஒருவன். பல்லாண்டுகள் தற்காலிக விசாவில் வாழ்ந்தோம். 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசு, தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழியைத் திறந்தது. அதில் அடங்காமல் பதில் வேண்டி நின்றவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளிகளுக்கு வருகிறார்கள்.

அக்காத்திருப்பு ஆண்டுகளில் வார நாட்களில் நான் தொழிற்சாலைத் தொழிலாளி. தாயகத்துச் சான்றிதழைக் கொண்டு இங்கே பகல்நேரப் பள்ளியில் கற்பிக்க இயலாது என்பது விரைவில் தெரிந்துபோயிற்று. சனிக்கிழமைகளில் மட்டும் நான் மீண்டும் ஆசிரியன். எவ்வளவு காலம் இந்நாட்டில் இருப்பேன் என்பது எனக்கே தெரியாத வேளையில், தாய்மார் தம் பிள்ளையின் கையைப் பிடித்து வந்து என் வகுப்பில் இருத்தினார்கள். அரிச்சுவடி கற்பிக்கும்படி கேட்டார்கள். எந்த அலுவலகமும் தரத் தயங்கிய நம்பிக்கையை அவர்கள் ஒரு கணமும் தயங்காமல் தந்தார்கள். கேரம் டவுன்ஸ் என் ஊராகத் தொடங்கியது அன்றுதான். விசா வந்தது நெடுங்காலத்தின் பின்.

நமது வகுப்பறைகள் கடன் பெற்றவை. வார நாட்களில் வேறு பிள்ளைகள் கற்கும் அறையில், அவர்களுடைய சித்திரங்கள் தொங்கும் சுவர்களின் நடுவே, நாம் இரண்டு மூன்று மணிநேரம் தமிழ் கற்பிக்கிறோம். போகும்போது கதிரைகளை இருந்தவாறே அடுக்கி, பலகையைத் துடைத்து, நாம் வந்த சுவடே இல்லாமல் வெளியேறுகிறோம். இதனைக் குறையாகப் பேசுவோர் உண்டு. மாலை நேரப் பள்ளியில் கற்று வந்த எனக்கு இது புதியதுமன்று, குறையுமன்று. கடன் பெற்ற அறையைக் கண்ணியமாகப் பேணத் தெரிந்த பிள்ளை, பிறரோடு ஓர் ஊரைப் பகிர்ந்து வாழவும் கற்றுக்கொள்கிறது.

இந்த ஊரின் கதை

ஊரை நமதாக்க விரும்புவோர் அதன் கதையை அறிந்திருத்தல் வேண்டும். கேரம் டவுன்ஸ் மெல்பேண் நகரின் தென்கிழக்கே, பிராங்ஸ்ரன் மாநகர எல்லையுள் அமைந்த புறநகர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே இங்கு வாழ்ந்தனர். இந்நிலத்தின் பூர்வகுடிகள் புனுரோங் மக்கள். இப்பகுதியின் தாழ்நிலங்கள் முன்னர் கேரம் சதுப்பு என்னும் பரந்த நீர்நிலையாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேற்றக்காரர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். எஞ்சிய பகுதியே இன்று எடித்வேல், சீபோட் ஈரநிலங்களாக, 2001ஆம் ஆண்டு முதல் றம்சார் உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளது. ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து பறவைகள் அங்கு வருகின்றன. வடதிசைக் குளிரிலிருந்து மன்னார் வங்காலைக்கும் அவ்வாறே பறவைகள் வருவதைப் பெற்றோர் சிலர் கண்டிருப்பீர்கள்.

இவ்வூரில் அடைக்கலம் தேடியோர் நாம் முதலாமவர் அல்லர். 1930களின் பொருளாதார மந்தத்தில் மெல்பேண் நகரில் வேலையிழந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஜெரார்ட் கென்னடி டக்கர் என்னும் அங்கிலிக்கன் குருவானவர் 1935ஆம் ஆண்டு இங்கே நிலம் பெற்று, அத்தகைய குடும்பங்களுக்குச் சிறு வீடுகளும் பயிரிட இடமும் கொண்ட குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அது காலப்போக்கில் முதியோர் குடியிருப்பாயிற்று. அதே குருவானவர் 1953ஆம் ஆண்டு, அமைதிக்கு உணவு என்னும் பொருள்படும் இயக்கமொன்றை ஆரம்பித்து, இந்தியாவிலுள்ள வறியோருக்கு உதவி அனுப்பும் பணியில் ஈடுபட்டார். அந்தச் சிறு முயற்சியே வளர்ந்து, பிற்காலத்தில் ஒக்ஸ்பாம் அவுஸ்திரேலியா என்னும் பெரும் அமைப்பாயிற்று. நம்மவர் இவ்வூரை அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே, இவ்வூர் மனிதர் ஒருவர் நம் பக்கத்து வறியோரை நினைத்திருக்கிறார்.

அதன் பின்னரே நம்மவரும் பிற இந்துக்களும் இங்கே நிலம் வாங்கி ஆலயம் எழுப்பினார்கள். 1994ஆம் ஆண்டு சிவா விஷ்ணு ஆலயத்தின் கும்பாபிஷேகம் நடைபெற்றது. சைவக் கோபுரமும் வைணவக் கோபுரமும் ஒரே வளவில் நிற்கும் அவ்வாலயத்தினால் கேரம் டவுன்ஸ் என்னும் பெயர் உலகத் தமிழர் பலருக்கும் அறிமுகமாயிற்று. ஆலயம் நம்மை இவ்வூருக்கு அழைத்தது. இவ்வூரில் நம்மை வேரூன்றச் செய்யவேண்டியது பள்ளியின் கடமை.

பிலோயெலா சொல்லும் பாடம்

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியில், ஆறாயிரம் பேரும் இல்லாத சிற்றூர் பிலோயெலா. அங்கே ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. தந்தை இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். தாயின் கைச்சமையலை அயலார் அறிந்திருந்தனர். குழந்தைகள் இருவரும் அம்மாநிலத்திலேயே பிறந்தவர்கள். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்து விடிகாலை ஒன்றில் அக்குடும்பத்தை அதிகாரிகள் அழைத்துச் சென்று மெல்பேணில் தடுத்து வைத்தனர். 2019ஆம் ஆண்டு நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்றத் தடையினால் டார்வினில் நின்றது. அதன்பின் கிறிஸ்மஸ் தீவு; பின்னர் பேர்த். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அக்குடும்பம் அலைந்தது.

அக்காலம் முழுவதும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் முன்னின்றவர்கள் பிலோயெலா ஊரவர். நம் மொழி அறியாதவர்கள்; நம் அரசியலும் அறியாதவர்கள். அவர்கள் சொன்னதெல்லாம், இவர்கள் எங்கள் ஊர்க் குடும்பம், எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்புங்கள் என்பதுதான். 2022ஆம் ஆண்டு யூன் மாதம் அக்குடும்பம் பிலோயெலாவுக்குத் திரும்பியது. ஓகஸ்ட் மாதம் நிரந்தர விசாவும் பெற்றது. சட்டத்தின் கண்ணில் உரிமையற்றவர்களாக இருந்தோரை ஒரு சிற்றூர் தன்னவர் என்று முன்னரே தீர்மானித்துவிட்டது. ஊர் என்பது அத்தகைய தீர்மானமே. நாம் அதனைப் பாராட்டிப் பேசுகிறோம். நம் நடுவே வந்து சேர்வோரை நாம் அவ்வாறு நம்மவர் என்கிறோமா?

நாம் செய்ய வேண்டியவை

புதிதாக ஒரு குடும்பம் நமது பள்ளிக்கு வந்தால், "ஊரிலே எவ்விடம்?" என்ற வினா முதலில் எழுகிறது. உறவு தேடும் வினாவாக அது இருக்குமாயின் நன்று. எவ்விடம், எந்தக் கோயிலடி, யாருடைய ஆட்கள் என்று அது நீளும்போது அதன் உட்கருத்து யாவர்க்கும் தெரியும். கேட்கப்படுபவருக்கு மிக நன்றாகவே தெரியும். அதனோடு மற்றொரு வினாவும் சேர்ந்துகொள்கிறது: விமானத்திலா வந்தீர்கள், படகிலா? சாதியை விட்டுவிட்டோம் என்று மேடையில் முழங்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் அதனைக் கையிலெடுத்தால் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பள்ளி வாயிலுக்குள் இவ்வினாக்கள் நுழையக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையின் பெயர் என்ன, எந்த வகுப்பு என்ற இரண்டு வினாக்கள் நமக்குப் போதும். இடாப்பில் இவற்றுக்கு மட்டுமே இடம் இருக்கிறது.

இரண்டாவதாக, பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைகளுக்குச் செல்லும் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வாரம் எத்தனை நெருக்கடியானது என்பதை நான் அறிவேன். தொழிற்சாலையில் மேலதிக வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை வருபவன் நானும். எனினும் தமிழ்ப் பள்ளியைப் பணம் கட்டிப் பாடம் வாங்கும் கடையாகக் கருதினால், தொண்டாசிரியர் சலித்துப்போவார். பின்னர் பள்ளியே நின்றுபோகும். தவணைக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பில் அமருங்கள். வாசிப்புக் குழு ஒன்றைக் கவனியுங்கள். கதிரை அடுக்கக் கை கொடுங்கள். சிறுவர்களுடன் பணியாற்றுவதற்கான அனுமதி அட்டை விக்ரோறியாவில் தொண்டர்களுக்குக் கட்டணமின்றியே வழங்கப்படுகிறது. தந்தை தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்பதைக் காணும் பிள்ளைக்குத் தமிழின் மதிப்பை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது எமது பாடத்திட்டத்தைப் பற்றியது. பனைமரம், பொங்கல், என் கிராமம் என்றே கட்டுரைத் தலைப்புகள் தருகிறோம். காணாத கிராமத்தைப் பற்றிப் பிள்ளை எழுதும் கட்டுரை, பெற்றோர் சொல்ல எழுதியதாகவே இருக்கும். பனையைப் பற்றி எழுதட்டும். அதனோடு எடித்வேல் ஈரநிலத்துப் பறவைகளைப் பற்றியும் தமிழில் எழுதட்டும். பிராங்ஸ்ரன் கடற்கரை, பக்கத்து வீட்டு முதியவர், 1935ஆம் ஆண்டின் குடியிருப்பு, புனுரோங் மக்கள் ஆகிய யாவும் தமிழில் எழுதப்பட வேண்டியவையே. ஒரு மொழியில் நம் தெருவைப் பற்றிப் பேச முடியாவிட்டால் அம்மொழி நினைவுச் சின்னமாகிவிடும். தான் வாழும் ஊரைத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழும் சொந்தமாகும், ஊரும் சொந்தமாகும்.

2016ஆம் ஆண்டு இந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோராகப் பதிந்தவர் 73,000 பேருக்கு மேல். 2021இல் அத்தொகை 95,000ஐக் கடந்தது. எண்ணிக்கை வளர்கிறது என்று நாம் மகிழ்கிறோம். அவ்வளர்ச்சியில் பெரும்பங்கு புதிதாக வந்து சேர்ந்தோரால் ஏற்பட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து தம் இல்லங்களில் தமிழ் பேசுவார்களா என்பதே நம்முன் உள்ள வினா. அதற்கு விடை, சனிக்கிழமைகளில் இக்கடன் வகுப்பறைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். வி.சி.ஈ. பரீட்சையில் தமிழை ஒரு பாடமாக எடுத்து நல்ல புள்ளிகள் பெறுகிறீர்கள், பெருமைப்படுகிறோம். பரீட்சை முடிந்த மறுவாரமே பலர் பள்ளியை விட்டு மறைந்துவிடுகிறீர்கள். உங்களிடம் நான் வேண்டுவது ஓராண்டு. பல்கலைக்கழகத்தின் முதலாண்டில், மாதம் இரண்டு சனிக்கிழமைகள் பாலர் வகுப்பில் உதவியாசிரியராக வந்து நில்லுங்கள். உங்கள் தமிழில் பிழை இருக்கலாம், அதனால் குறைவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று உங்களை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைத்து, எழுதிய அகரத்தைக் காட்ட ஓடி வரும்போது, இவ்வூரில் உங்களுக்கு ஓர் இடம் உண்டென்பதை நீங்களே உணர்வீர்கள். "ஊர் எது?" என்று அதன்பின் எவரேனும் கேட்டால், யாழ்ப்பாணத்தை மறக்காமலும் தமிழகத்தை மறவாமலும், கேரம் டவுன்ஸ் என்று தலைநிமிர்ந்து கூறுங்கள். அவ்விடையைத் தெளிந்த தமிழில் கூறுவீர்களாயின், இப்பள்ளி நடந்ததன் பயன் நிறைவேறியதாகும்.

விழா சிறக்க! பள்ளி வளர்க! தமிழ் வாழ்க!